சஹனில் லந்தனம்

இல்லாத ஒன்று எதையும் கெடுக்காது. கெடுப்பதெல்லாம் இருக்கிற ஒன்றுதான். அண்டம் உண்டான நாளிலிருந்து இன்றுவரை கெட்டுப்போன அத்தனைக்கும் இந்த ஒரே விதி போதும் என்று, கிண்ணியாப் பாலத்தடித் தேத்தண்ணிக் கடையில், பாதி கடித்த பருப்பு வடையைக் கையில் பிடித்தபடி, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவித்தான் அஸ்ஹான்.

கடையில் அதை மறுத்துப் பேச ஆளில்லை. பாஹிம் ஒருவன்தான் இருந்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எதையும் மறுத்துப் பேசாதவன். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில், கோப்புகளை ஓர் அலுமாரியிலிருந்து இன்னோர் அலுமாரிக்கு மாற்றுவது அவன் உத்தியோகம். அலுமாரிகளும் அவனும் ஒரே அளவு சத்தம் போடுவார்கள் என்று அங்கே பேச்சு.

“விளங்கினதாடா?” என்றான் அஸ்ஹான்.

“வடை ஆறுது” என்றான் பாஹிம்.

அஸ்ஹான் ஜப்பானில், மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும் மீக்கடத்திகளைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்கிறவன். அவனுடைய காக்கா, மூத்த சகோதரன் ரிஷாத், போன நெடுநாள் மீன்பிடிப் படகு மாரிக் கடலில் காணாமல் போனதால் ஊருக்கு ஓடி வந்தவன். தேடுதல் நடந்தது. பிறகு தேடுதல் நடப்பதாகச் சொன்னார்கள். பிறகு சொல்வதும் நின்றது. படகின் இலக்கம் எழுதிய ஐஸ் பெட்டி மூடியொன்றை யாரோ கண்டெடுத்துத் திருகோணமலையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது மாரி போய்க் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. அஸ்ஹான் இன்னும் போகவில்லை. ஆய்வுக் கட்டுரையை வீட்டிலிருந்தே எழுதுவதாகப் பேராசிரியருக்குச் சொல்லியிருந்தான். அளவீடுகளை அங்கேயுள்ளவர்கள் செய்து அனுப்புவார்கள்.

“சாதாரண மீக்கடத்தியில இலத்திரன்கள் சோடி சோடியாப் போகும்” என்று பாஹிமுக்கு விளக்கினான். “சோடியாப் போனா எந்தத் தடையும் இல்ல.”

“கலியாணம் கட்டினவங்க மாதிரியா?”

“கலியாணம் கட்டினவங்களுக்குத் தடையில்லையெண்டு உனக்கு ஆர்ரா சொன்னது? கேளு. அதுக்குள்ள காந்தம் உள்ள ஒரு அணு வந்து குந்தினா, சோடியப் பிரிச்சுப் போடும். நூத்துக்கு ஒண்டு காணும், எல்லாம் முடிஞ்சுது. காந்தமில்லாத அணு எத்தின வந்தாலும் பரவாயில்ல.”

“எங்கட பெரியமாமி காந்தம் உள்ளவ” என்று பாஹிம் யோசித்துச் சொன்னான்.

“ஆனா நான் பாக்கிறது வேற சாமான். சீரியம் இருக்கிற பளிங்கு. ஒவ்வொரு சீரியமும் ஒரு சின்னக் காந்தம். இலத்திரன் எல்லாம் அதுகளோட இழுபட்டு, நனைஞ்ச வலை மாதிரிப் பாரமாகிரும். பிறகு அந்தப் பாரத்தோடயே சோடி சேருதுகள். சீரியம் எங்கட புல்மோட்டைக் கறுப்பு மணலிலயும் இருக்குடா.”

“அப்ப ஜப்பானுக்கு என்னத்துக்குப் போனனீ? சுளகு கொண்டு போயிருந்தா புடைச்சு எடுத்திருப்பமே.” பாஹிம் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். “காந்தம் சோடியப் பிரிக்கும் எண்டாய். இதில காந்தத்தோடயே சோடி சேருதுகள் எண்டுறாய்.”

“அது ஒரு அதிசயம்” என்று அஸ்ஹான் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனான். உண்மையில் அவனுடைய ஆய்வு முழுவதும் அந்த ஒரு கேள்விதான். தாண்டிப் போவதில் அவனுக்குத் திறமை உண்டு.

அவன் செய்தது இதுதான். சில பளிங்குகளில் நூற்றுக்குச் சில சீரியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடோலினியத்தை வைத்தான். அது பெருங்காந்தம். வேறு சிலவற்றில் லந்தனத்தை வைத்தான். லந்தனம் சீரியத்துக்குப் பக்கத்து வீடு. உருவமும் ஏறத்தாழ அதேதான். காந்தம் மட்டும் துளியும் கிடையாது. கடோலினியம் குழப்பும், லந்தனம் வந்த இடம் தெரியாமல் இருக்கும் என்பது அவன் முடிவு. லந்தனமும் குழப்பத்தான் செய்கிறது என்று முன்பே சிலர் அளந்து எழுதியிருந்தார்கள். அவர்களுடைய பளிங்கு அழுக்கு என்று அஸ்ஹான் தீர்ப்பு எழுதிவிட்டான். முடிவுரையும் எழுதியாயிற்று. அளவீடு வருவதுதான் பாக்கி.

வீட்டில் நிலைமை வேறு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் அந்தக் குடும்பம் ஒரே சஹனில் சாப்பிடும். நீலப்பூப் போட்ட பெரிய வட்டத் தட்டு அது. உம்மாவுடைய கலியாணத்துக்கு வந்தது. நிலத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்து, சுற்றி இருப்பார்கள். வாப்பா, உம்மா, தங்கச்சி ரிஸ்லா, அஸ்ஹான், ரிஷாத். அவரவர் தனக்கு முன்னால் இருக்கிற சோற்றை மட்டுமே எடுக்க வேண்டும். அந்த ஒழுங்கை மதிக்காதவன் ரிஷாத் ஒருவன்தான். வாய் நிறையக் கதை சொல்லிக்கொண்டே கையை எதிர்ப்பக்கம் நீட்டி, அஸ்ஹானின் மீன் துண்டைப் பிய்த்துக்கொண்டு போவான். “படிக்கிற ஆக்களுக்கு மீன் கூடாதாம்டா, மூளை ஊறிப் போகுமாம்” என்பான். அஸ்ஹானின் முதல் விமான டிக்கெட் முழுக்க ரிஷாத் பிடித்த மீனிலிருந்து வந்தது என்பதால் இதற்கு எதிராக யாரும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

இப்போதும் உம்மா ஐந்து பேருக்குத்தான் சோறு கொட்டினாள். அடுப்பு எரியும் குசினி வாசல் பக்கம் ரிஷாத்தின் இடம். நான்கு பக்கமும் சோறு குறையக் குறைய, அந்தப் பக்கத்துச் சோறு மட்டும் சின்ன மதில் மாதிரி நிற்கும். சாப்பாடு முடிந்ததும் உம்மா அதைத் தட்டோடு மூடி வைப்பாள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போடுவாள். போடுவதற்கு முன், தெருவுக்குப் போகும் ஒழுங்கை வாசலை ஒருமுறை பார்ப்பாள். கீழே விழுந்த ஒரு பருக்கைக்காகப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திய வாப்பா, இதைக் காணாதவர் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நாட்களில் உம்மா வெறுந் தேத்தண்ணியும் பாதி ரஸ்க்கும்தான். வெள்ளிக்கிழமை மட்டும், அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, வயிறாறத் தின்பாள். கை வளையல் முழங்கைக்கு ஏறத் தொடங்கியிருந்த நேரம் அது. ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது ஒரே வசனம்தான்: இவ சாப்பிட வேணும்.

“இல்லாத ஆளுக்குச் சோறு வைச்சு, இருக்கிற ஆள் தேஞ்சு போறீங்க உம்மா” என்றான் அஸ்ஹான் ஒரு வெள்ளிக்கிழமை. “கோழிகளுக்குத்தான் கொழுப்பு ஏறுது.”

“வாறவன் பசியோட வருவான்” என்றாள் உம்மா.

“எதில வருவான்? ஐஸ் பெட்டி மூடியிலயா?”

நல்ல பகிடி என்றுதான் அவன் நினைத்தான். வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அதன் அளவு தெரிந்தது. ரிஸ்லா கையைச் சோற்றில் வைத்தபடி நிறுத்தினாள்.

“எழும்பிப் போடா” என்றார் வாப்பா. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

எழும்பிப் போனவனுக்கு மாமரத்தடியில் நிற்கும்போதே ஒரு யோசனை வந்தது. விஞ்ஞானிகளுக்கு அவமானத்துக்குப் பிறகுதான் யோசனை வரும். பிரச்சினை சோறு அல்ல, அந்த இடம் வெறுமையாகத் தெரிவது. அங்கே ஓர் ஆளை இருத்தினால் போதும். அளவில் காக்காவைப் போல இருக்க வேண்டும். கதைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, யாருடைய மீனிலும் கை வைக்கக் கூடாது. ஊர் முழுவதும் தேடினாலும் அப்படியொரு லந்தனம் பாஹிமைத் தவிர வேறில்லை.

“எனக்கு ஏன் மச்சான் உங்கட வீட்டுக் கதை?” என்றான் பாஹிம்.

“நீ ஒண்டும் செய்யத் தேவல்ல. அதுதான் உன்ட வேலையே. வந்து இரு. தின். போ.”

“என்ன கறி?”

“பாரை.”

“நான் திண்டா மாமி திம்பாவோ?”

“இடம் நிறைஞ்சா பார்வை அங்க போகாது. பார்வை போகாட்டி கை சோத்துக்குப் போகும்.” சமன்பாடு எழுதிக் காட்டாதது ஒன்றுதான் குறை.

அடுத்த வெள்ளிக்கிழமை பாஹிம் வெள்ளைச் சேர்ட்டும் புதுச் சாரமுமாக, பெண் பார்க்க வந்தவன் மாதிரி வந்து நின்றான். உம்மா அவனை வரவேற்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை எங்கே இருத்துவது என்று அவள் ஒரு கணம் தடுமாறியபோது, அஸ்ஹான் அவனைத் தோளில் பிடித்துக் குசினி வாசல் பக்கம் இருத்திவிட்டான். வாப்பா நிமிர்ந்து பார்த்தார். விருந்தாளியை எழுப்புவது அந்த வீட்டில் இல்லாத வழக்கம். ஆகவே பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தார்.

பாஹிம் அருமையான லந்தனமாக இருந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. தன் பக்கத்தைத் தாண்டி ஒரு விரல் போகவில்லை. உம்மா பழக்கதோஷத்தில், “வெக்கப்படாமத் தின்னுங்க மகன்” என்றாள். விருந்து கொடுக்கிறவர் தின்னச் சொன்னால் மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்த பிள்ளை அவன். அந்த மதிலைத் தின்னத் தொடங்கினான்.

முதலில் நின்றது அவனுக்கு இடப்பக்கம் இருந்த ரிஸ்லாவின் கை. பிறகு வலப்பக்கத்தில் வாப்பாவின் கை. சஹன் முடியாமல் எழும்பாத மனிதர், எதையோ மறந்து வைத்துவிட்டவர் மாதிரிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்ஹான் எதிர்ப்பக்கம். எவ்வளவு தள்ளி இருக்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை என்று தின்று கொண்டிருந்தான். அப்படித்தான் நினைத்திருந்தான். குனிந்து பார்த்தபோது அவனுடைய மீன் துண்டு தொடாமல் கிடந்தது. எதிரிலிருந்து ஒரு கை வரும் என்று, இத்தனை நேரமும், அவன் அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

வந்தது பாஹிமின் கைதான். அதுவும் தன் பக்கத்தின் கடைசிப் பருக்கையைத் துடைத்தெடுக்க. தட்டில் நீலப்பூ தெரிந்தது. எத்தனையோ மாதமாக அந்தப் பக்கத்துப் பூவைச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் கண்டதில்லை.

உம்மா பூவையே பார்த்தாள்.

“முடிஞ்சுதா?” என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

“ஓம் மாமி, அல்ஹம்துலில்லாஹ்” என்றான் பாஹிம், தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்லி.

உம்மா எழும்பிக் கை கழுவினாள். மற்ற நான்கு பக்கத்திலும் சோறு பாதியில் கிடந்தது.

அதன் பிறகு சஹன் இல்லை. உம்மா அதைக் கழுவித் துடைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை தனித்தனிக் கோப்பைகளில் சோறு வந்தது. அவரவர் ஒரு மூலையில் தின்றார்கள். உம்மாவுக்கு வெறுந் தேத்தண்ணி. வாரத்தில் ஒருநாள் இருந்த சாப்பாடும் போயிற்று. ரஸ்க்கும் பாதியிலிருந்து கால்வாசியாயிற்று. உம்மா இப்போது அறைக்குள் படுத்தே கிடந்தாள். “பசிக்கல்ல மகன்” என்பாள் அஸ்ஹான் போய் நின்றால். கோபமாகச் சொன்னால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவள் அதை மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

அந்த வாரம் பேராசிரியரின் மின்னஞ்சல் வந்தது. மிகவும் பண்பான மனிதர். உங்கள் முடிவுரையும் எங்கள் அளவீடும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அளவீட்டை மாற்றும் வசதி எங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தார். கூடவே, சோடி சேரும் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் வரைபு. கடோலினியத்தின் கோடு ஒன்று, லந்தனத்தின் கோடு ஒன்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கீழே இறங்கியிருந்தன. எது காந்தம், எது காந்தமில்லாதது என்று நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பளிங்கு அழுக்கு என்று சொல்லவும் வழியில்லை. அஸ்ஹானே வளர்த்த பளிங்கு.

ரிஸ்லா பக்கத்துக் காணியில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தாள். அவளுடைய கலியாணத்துக்கென்று ரிஷாத் கட்டத் தொடங்கிய வீடு அது. மதில் இடுப்புயரத்தில் நின்றுவிட்டது; தூண்களிலிருந்து கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. கொடி கட்ட அவை வசதி.

“என்ட பளிங்கு பிழைச்சுப் போச்சு” என்றான் அஸ்ஹான், அங்கே இருந்த கல்லில் குந்தி.

“எங்க வைச்சனீ? உடைஞ்சுதா?”

“உடையல்ல. ஒரு சீரியத்த எடுத்துட்டு லந்தனத்த வைச்சா, அங்க வைச்ச லந்தனம் ஒண்டும் செய்யிறல்ல. எடுத்த சீரியம்தான் செய்யுது. சுத்தி இருக்கிற இலத்திரன் எல்லாம் அதோட சேர்ந்துதான் பாரமானதுகள். அது போனா அந்த இடம் வெறும் இடமா இருக்கிறல்ல. பக்கத்தில இருக்கிறதுகள் குழம்பும். அதுக்குப் பக்கத்தில இருக்கிறதுகளும் குழம்பும். சோடி கலையும். நாங்க என்னத்த வைச்சு அடைச்சாலும்.”

ரிஸ்லா ஒரு சாரத்தை உதறிக் கம்பியில் போட்டாள். ரிஷாத்தின் சாரம். யாரும் உடுக்காத அதை வாராவாரம் ஏன் தோய்க்கிறாள் என்று கேட்க வாய் வந்தது. நல்ல பகிடியொன்றும் கூடவே வந்தது. அவன் இரண்டையும் விழுங்கினான்.

“இதக் கண்டுபிடிக்கவா ஜப்பானுக்குப் போனனீ?” என்றாள் அவள்.

“ஓம்.”

“நல்லம்.” பிறகு, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள். “உனக்குத் தெரியாது. அண்டைக்குப் பாஹிம் போன பிறகு உம்மா குசினிக்குள்ள நிண்டு என்ன சொன்னவ தெரியுமா? ‘என்ட கையாலயே அவன்ட பங்க வேற ஆளுக்குக் குடுத்துட்டன் புள்ள. இனி அவன் வந்து என்னத்தத் திம்பான்’ எண்டு. உன்ன ஏசல்ல. பாஹிமையும் ஏசல்ல. தன்னத்தான்.”

அஸ்ஹான் கல்லிலேயே இருந்தான். காற்றில் சாரம் ஆள் இருப்பதுபோல் உப்பி, பிறகு ஒட்டிப் போயிற்று.

முடிவுரையை அழித்துவிட்டு வேறு எழுத உட்கார்ந்தான். இல்லாத ஒன்று எதையும் கெடுக்காது என்ற முதல் வசனத்தை அழிக்க நேரம் எடுக்கவில்லை. அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வெறும் வெள்ளை மினுங்கிக்கொண்டிருந்தது. பாஹிம் தொலைபேசியில் கூப்பிட்டான். “மாமி திண்டவவா?” என்று மட்டும் கேட்டான். இல்லை என்றதும், “நான் கொஞ்சம் மிச்சம் வைச்சிருக்கலாம் மச்சான்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அஸ்ஹான் யாருக்காகவும் நிற்காமல் வீட்டுக்கு வந்தான். கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து சஹனை இறக்கினான். ரிஸ்லா சோற்றுப் பானையைக் கொண்டுவந்தாள். பாயை விரித்து, ஐந்து பேருக்குரிய சோற்றைக் கொட்டினான். கை பழக்கமில்லாததால் குசினி வாசல் பக்கம் கொஞ்சம் கூடிப்போயிற்று. அதை அவன் திருத்தவில்லை. தன் பக்கத்தில் வைத்த மீன் துண்டை எடுத்து, எதிரே நீட்டி, அந்தச் சோற்றின்மேல் வைத்தான். கை எட்டுகிற தூரம்தான். ரிஷாத்துக்கு இத்தனை வருஷமும் அது எட்டியதில் ஆச்சரியமில்லை.

வாப்பா பள்ளிவாசலிலிருந்து வந்தார். பாயைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் இடத்தில் இருந்தார்.

“உம்மா” என்று ரிஸ்லா அறைப் பக்கம் கூப்பிட்டாள். “சஹன் வைச்சாச்சு.”

திரைச்சீலை அசையவில்லை.

“அந்தப் பக்கமும் வைச்சிருக்கு உம்மா” என்றான் அஸ்ஹான்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். குசினி வாசல் பக்கத்தைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். தன் இடத்தில் இருந்தாள். வளையல் முழங்கையில் நின்றது. கையை மடியில் வைத்திருந்தாளே தவிரச் சோற்றில் வைக்கவில்லை. வாப்பா மெதுவாகத் தின்றார், அவளுக்காக நேரத்தை இழுப்பவர் மாதிரி. ரிஸ்லாவும் தின்றாள். அஸ்ஹான் மீனில்லாத சோற்றைத் தின்றான். நடுவில் இருந்த சோறு குறைந்துகொண்டே போக, ஒரு மதிலுக்குப் பதிலாக இரண்டு மதில்கள் எழும்பி நின்றன. ஒன்று ரிஷாத்தின் பக்கம். ஒன்று உம்மாவின் பக்கம்.

“பிறகு திம்பன்” என்று சொல்லி உம்மா எழும்பிப் போய்ப் படுத்தாள்.

அவளுடைய பங்கை ரிஸ்லா ஒரு கோப்பையில் எடுத்து அடுப்படியில் மூடி வைத்தாள். மற்றப் பங்கை அஸ்ஹான் தட்டோடு மூடினான். அஸர் தொழுதான். பிறகு மூடியை எடுத்து, மீனின் முள்ளைப் பிரித்து, சோற்றை அள்ளிக்கொண்டு கோழிக் கூட்டடிக்குப் போனான். கோழிகள் காலுக்குள் ஓடி வந்தன.

கொட்டவில்லை. முதலில் திரும்பி, ஒழுங்கை வாசலைப் பார்த்தான்.